மொதல்ல எதையும் அழிக்காதீங்க: எங்க பாப்பா பேர்ல வந்த ஃபேக் ஐடி

போன அக்டோபர்ல நடந்தது இது, இப்பதான் உக்காந்து எழுத மனசு வந்துச்சு. எங்களுக்கு மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல இருக்காரு, இங்க நானும் பாப்பாவும் மாமியாரும்தான். பாப்பா ஒம்பதாவது படிக்கிறா, கோ-கோ நல்லா ஆடுவா, குறுவட்டப் போட்டிக்கெல்லாம் போயிருக்கா. அப்ப குறுவை அறுத்து நெல்ல கொள்முதல் நிலையத்துல கொட்டிட்டு காத்துக்கிட்டு இருந்தோம், மழை வேற விட்டு விட்டு பெய்யுது, ஈரப்பதம் 17 சதவீதத்த தாண்டிட்டா எடுக்க மாட்டாங்களேன்னு தார்ப்பாய இழுத்து மூடுறதும் வெயில் அடிச்சா கிளறி விடுறதுமா பகல் பூரா நான் அங்கயே கெடந்தேன். அவ நாலு நாளா சரியா சாப்பிடலங்கிறத பாக்கல. வயித்து வலின்னு சொன்னா, நம்பிட்டேன். அஞ்சாவது நாள் "பஸ்ஸுல போக மாட்டேம்மா, ஸ்கூலே வேணாம்"னு சொன்னப்பதான் எனக்கு திக்குன்னுச்சு.

எவ்வளவு கேட்டும் வாயத் தொறக்கல. எங்க அக்கா மகன் பாலிடெக்னிக் படிக்கிறான், அவன்தான் ராத்திரி வந்து ஃபோன காட்டுனான். "சித்தி, இத பாருங்க"ன்னு. இன்ஸ்டாகிராம்ல எங்க பாப்பா பேரு, அவ ஃபோட்டோ. மேட்ச்ல வாயத் தொறந்துக்கிட்டு வேர்வையோட ஓடுற ஃபோட்டோ, அதுக்கு கீழ அவ பல்லயும் நெறத்தயும் வச்சு அசிங்கமா எழுதியிருக்கு. அதோட விடல, அந்த ஐடில இருந்து பத்தாவது பசங்களுக்கு இவளே அனுப்புற மாதிரி மெசேஜ் போயிருக்கு, அவனுங்க பஸ்ஸுல அத சத்தமா படிச்சு காட்டியிருக்கானுங்க. 140 பேருக்கு மேல ஃபாலோ பண்ணியிருந்தாங்க, முக்காவாசி அதே ஸ்கூல் புள்ளைங்க.

நான் மொதல்ல செஞ்சது தப்பு. அவ கையில இருந்த ஃபோன வெடுக்குன்னு புடுங்கிட்டேன். இவரு வீடியோ கால்ல "அத ஒடைச்சு போடு"ன்னு கத்துறாரு. அப்ப அவ அழுதுக்கிட்டே சொன்னா, "இதுக்குத்தாம்மா சொல்லல"ன்னு. ஃபோன வாங்கிடுவாங்க, நீதான் என்னமோ பண்ணிருப்பம்பாங்க, ஸ்கூல நிறுத்திடுவாங்கன்னு பயந்து அஞ்சு நாள் தனியா சுமந்திருக்கா. அன்னைக்கே ஃபோன திருப்பி குடுத்துட்டேன். பிள்ளை உங்ககிட்ட ஒண்ணு வந்து சொன்னா தயவுசெஞ்சு ஃபோன புடுங்காதீங்க, அடுத்த தடவ சொல்லவே சொல்லாது.

எல்லாத்தையும் அழிக்க சொல்லி மெசேஜ் போடலாம்னு நான் துடிச்சேன், அக்கா மகன்தான் தடுத்தான். எதையும் அழிக்காதீங்க, அந்த ஐடிக்கு பதிலும் போடாதீங்கன்னுட்டான். ஒவ்வொரு போஸ்ட்டா ஸ்கிரீன்ஷாட் எடுத்தான், யூசர்நேமும் தேதியும் தெரியிற மாதிரி. அந்த ப்ரொஃபைல் லிங்க்க தனியா காப்பி பண்ணி வச்சான். வெறும் படம் மட்டும் இருந்தா அது எந்த ஐடின்னு காட்டுறது கஷ்டமாம். பசங்களுக்கு போன மெசேஜும் வேணும்னு ஒரு பையன் வீட்டுக்கு நேராவே போனோம், அந்த பையனோட ஆத்தா நல்ல மனுஷி, அவங்களே எடுத்து குடுத்தாங்க. இதெல்லாம் முடிச்ச பெறகுதான் இன்ஸ்டாகிராம்ல ரிப்போர்ட் பண்ணோம். நமக்கு அக்கவுண்ட் இல்லன்னாலும் பிள்ளைக்காக பெத்தவங்க குடுக்குறதுக்கு ஃபார்ம் இருக்கு. ஆள்மாறாட்டம்னு சம்பந்தப்பட்டவங்க புகார் குடுத்தா 24 மணி நேரத்துக்குள்ள நடவடிக்கை எடுக்கணும்னு 2021 ஐடி ரூல்ஸ்ல அப்ப இருந்துச்சு. மறுநாள் சாயங்காலம் பாத்தா ஐடி இல்ல. அப்பதான் ஸ்கிரீன்ஷாட்டோட அருமை தெரிஞ்சுச்சு, அது மட்டும் இல்லன்னா ஸ்கூல்ல போயி காட்ட கையில ஒண்ணுமே இருந்திருக்காது.

ஸ்கூலுக்கு போனேன். "ஒம்பதாவது புள்ளைக்கு எதுக்கும்மா ஃபோனு"ன்னுதான் மொத கேள்வி. அப்பறம் "நாளைக்கு பிரேயர்ல வச்சு கண்டிச்சிடுறோம்"னாங்க. எனக்கு உசிரே போச்சு. பாக்காத புள்ளைங்களும் தேடிப் பாக்கும், இவ அந்த வரிசையில நின்னுக்கிட்டுல்ல இருப்பா! வேணாங்க, பேரு எங்கயும் வரக்கூடாதுன்னு கையெடுத்து கும்பிட்டேன். சரி யாருன்னு தெரிஞ்சா ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்க வச்சு கை குடுக்க சொல்லிடலாம்னாங்க. அதுக்கும் மாட்டேன்னுட்டேன். சண்டை போட்ட ரெண்டு பேர சமாதானம் பண்ற விஷயமா இது? ஒருத்தி அடி வாங்குனவ, அவள கூப்பிட்டு மன்னிச்சிட்டேன்னு சொல்ல வைக்கிறது இன்னொரு அடி.

அந்த ரூம்ல பிடி டீச்சரும் இருந்தாங்க, வாயே தொறக்கல, ஃபோட்டோவ மட்டும் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தாங்க. வெளில வந்தப்பறம் என் பின்னாடியே வந்து, "அம்மா, இது சப்ஸ்டிட்யூட் பெஞ்சுல இருந்து எடுத்த ஃபோட்டோ, எனக்கு ஒரு நாள் டைம் குடுங்க"ன்னாங்க. அன்னைக்கு பெஞ்சுல உக்காந்திருந்தது பாப்பாகூட ஆறாவதுல இருந்து ஒரே பஸ்ஸுல போயிட்டு வந்த பொண்ணு. களத்துல 9 பேருதான் எறங்க முடியும், அந்த வருசம் இவ உள்ள, அந்த பொண்ணு வெளில. டீச்சர் அவள தனியா கூப்பிட்டு, மெரட்டாம, இந்த ஃபோட்டோ யாருகிட்ட குடுத்தன்னு மட்டும் கேட்டிருக்காங்க. அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டா. ஐடிய நடத்துனது அதே கிளாஸ் பசங்க ரெண்டு பேரு.

அதுக்குள்ள நான் சைபர்கிரைம் போர்ட்டல்ல பெண்கள், குழந்தைகள் பகுதியில புகார் போட்டு நம்பர் வாங்கி வச்சிருந்தேன். 1930ங்கிறது முக்கியமா பணம் ஏமாந்தா கூப்பிடுறதுக்கு, நம்ம மாதிரி விஷயத்துக்கு போர்ட்டல்தான் சரி, பிள்ளை ரொம்ப ஒடஞ்சு போயிருந்தா குழந்தைகள் உதவி நம்பர் 1098. திருவாரூருக்கு கூப்பிட்டாங்க, மழையோட மழையா போனேன். அங்க இருந்த பெண் எஸ்ஐ பொறுமையா சொன்னாங்க. அடுத்தவங்க அடையாளத்த திருடுறது ஐடி சட்டம் 66சி, 3 வருசம் வரைக்கும் ஜெயில். ஆனா செஞ்சது 18 வயசுக்கு உட்பட்ட புள்ளைங்க, அதனால விஷயம் சிறார் நீதி வாரியத்துக்குத்தான் போகும். இதே படத்த நிர்வாணமா மார்ஃப் பண்ணியிருந்தா போக்சோ, அப்ப ஸ்கூலே புகார் குடுத்தாகணும், பேசி முடிச்சுக்கலாம்ங்கிற பேச்சுக்கே எடமில்ல. நான் எஃப்ஐஆர் வேணாம், ஸ்கூல் நடவடிக்கை எடுக்கட்டும்னு எழுதிக் குடுத்தேன். அந்த பசங்க வயசு 14, அவனுங்க அப்பாம்மாவும் என்ன மாதிரி வயல்ல கெடக்குறவங்கதான். எடுத்த முடிவு சரியான்னு சில ராத்திரி இன்னும் யோசிக்கிறேன்.

ஸ்கூல்ல பிடி டீச்சர் சொன்னபடிதான் நடந்துச்சு. மூணு வீட்டையும் தனித்தனியா கூப்பிட்டு பேசுனாங்க, எழுதி வாங்குனாங்க, பசங்கள வேற செக்ஷனுக்கு மாத்துனாங்க. பாப்பாவ எடம் மாத்தல, அதுல டீச்சர் உறுதியா நின்னாங்க, அவ ஏன் மாறணும்னு. ஏதாவது ஒரு சொல்லு காதுல விழுந்தாலும் எந்த பீரியடா இருந்தாலும் எந்திரிச்சு நேரா என்கிட்ட வான்னு சொல்லி வச்சாங்க. ரெண்டு தடவ போயிருக்கா. ஃபாலோ பண்ண கிளாஸ் புள்ளைங்ககிட்டயும் பேர் சொல்லாம, பாத்துட்டு சும்மா இருந்தது ஏன்னு பேசுனாங்க. என் மனசுல பெருசா நிக்கிறது அதுதான். மூணு பேரு செஞ்சாங்க சரி, மிச்ச அத்தன பேரும் பாத்து சிரிச்சிட்டு கம்முன்னு இருந்தாங்களே.

ஆனா அத்தன பேரும் கம்முன்னு இல்லங்கிறது அப்பறம்தான் தெரிஞ்சுச்சு. ஸ்கூல் வராண்டால 'மாணவர் மனசு'ன்னு ஒரு பெட்டி மாட்டியிருக்காங்க, புள்ளைங்க குறைய எழுதிப் போடுறதுக்கு. இந்த விஷயத்துக்கு பெறகு அத தொறந்தப்ப உள்ள ஒரு சீட்டு, ரூல் நோட்டுல கிழிச்ச பேப்பர், "ஒம்பதாவது அக்காவ பத்தி தப்பா ஐடி போட்டிருக்காங்க, நிறுத்த சொல்லுங்க"ன்னு. போட்டிருந்த தேதி நான் ஸ்கூலுக்கு போன நாளுக்கு 2 வாரம் முன்னாடி. அதாவது எனக்கே தெரியிறதுக்கு முன்னாடி ஒரு சின்னப் புள்ளை சொல்லியிருக்கு, தொறந்து படிக்கத்தான் ஆளு இல்ல. ஸ்கூல் மேலாண்மைக் குழு கூட்டத்துல இத எந்திரிச்சு சொன்னேன், இப்ப வாரா வாரம் வெள்ளிக்கிழமை பெட்டிய தொறக்குறாங்க.

டீச்சர் அந்த சீட்ட பாப்பாகிட்ட ஒரு தடவ காட்டிட்டு உள்ள வச்சிட்டாங்க. அதுல இருந்து ஆறாவது ஏழாவது புள்ளைங்க நோட்ட எங்க பாத்தாலும் இவ கண்ணு கையெழுத்துலதான் போகுது.