பொதுச் சுகாதாரத்துக்கு எந்த உயிரியல்?
பொதுச் சுகாதாரத் துறைக்குப் போக நுண்ணுயிரியலா, விலங்கியலா, உயிர்வேதியியலா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பட்டத்தின் பெயரைவிட, கூடவே புள்ளியியல் படிக்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்பேன்.

1854இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறப்புகளை வீடு வீடாக வரைபடத்தில் குறித்தார்; பிராட் தெரு அடிகுழாயைச் சுற்றியே அவை குவிந்திருந்தன. ராபர்ட் கோக் காலராக் கிருமியை அடையாளம் காட்டியது ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழித்துத்தான். ஸ்னோவிடம் இருந்தது எண்ணிக்கையும், வீடு வீடாக விசாரித்த பொறுமையும். எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

சரி, ஆய்வகத்தில் கிருமியோடு மல்லுக்கட்டத்தான் பிடிக்கும் என்றால் யோசிக்காமல் நுண்ணுயிரியல் எடுங்கள். கொசு பரப்பும் நோய்களில் ஆர்வமா? விலங்கியலைக் குறைத்து நினைக்காதீர்கள், அங்கிருந்து பூச்சியியலுக்குப் போகலாம். அப்புறம், புள்ளியியல் கணக்குகளுக்குப் பயன்படும் ஆர் (R) மென்பொருளை இப்போதே பழகத் தொடங்குங்கள். முதுகலையில், நோய்கள் மக்களிடையே எப்படிப் பரவுகின்றன என்று ஆராயும் தொற்றுநோயியல் பாடத்துக்குக் கட்டாயம் கைகொடுக்கும்.