நீதிமன்றம் பூட்டியிருந்தபோது பேசி முடித்த விவாகரத்து

எங்கள் வழக்கு சென்னைக் குடும்ப நீதிமன்றத்தில் 2020 ஏப்ரல் முதல் வாரத்தில் விசாரணைக்கு வரவேண்டியிருந்தது. மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியதும் அந்த வாய்தா தள்ளிப்போனது. அடுத்த வாய்தாவும் அப்படியே போயிற்று. கொடுமை என்ற காரணத்தைக் காட்டி நான் மனு போட்டிருந்தேன், என் கணவர் அதை மறுத்து எதிருரை தாக்கல் செய்திருந்தார். நாங்கள் பிரிந்து வாழத் தொடங்கி அப்போதே இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பேசிப் பார்க்கலாமா என்று முதலில் கேட்டவர் அவருடைய சித்தப்பா. என் வக்கீலம்மா அதற்குத் தடை சொல்லவில்லை. ஆனால் முத்திரைத்தாளில் இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி முத்திரை குத்திவிட்டால் எங்கள் திருமணம் முறிந்துவிடாது என்பதை முதலிலேயே தெளிவுபடுத்தினார். வெளியே பேசி முடிக்கக் கூடியவை நகை, பணம், குழந்தை ஆகிய மூன்றும்தான். அவற்றை எழுதி, இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்படி இருவரும் சேர்ந்து மனு போட்டு, நீதிபதி தீர்ப்பாணை வழங்கினால்தான் விவாகரத்து.

கணவர் கோவையில் இருந்தார். மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் வேண்டியிருந்த காலம் அது என்பதால், இரு வீட்டாரும் பொதுவாக ஏற்றுக்கொண்ட ஒரு மூத்த வழக்கறிஞரை நடுவில் வைத்து, ஞாயிறுதோறும் கைப்பேசித் திரையில்தான் பேசினோம். ஒரே அறையில் உட்கார்ந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருப்போமா என்பது ஐயமே. குரல் உயர்ந்தால் நடுவர் ஒலியை அடைத்துவிடுவார்.

பணத்தை இரண்டு ஞாயிறுகளில் முடித்தோம். நகைக்கு ஐந்து ஞாயிறுகள் தேவைப்பட்டன. எழுதிவைத்த பட்டியல் எதுவும் இல்லாததால், என் அம்மா கல்யாண ஆல்பத்தைப் பிரித்துவைத்து, எந்தப் படத்தில் எந்த ஆரம், எந்தக் கையில் எத்தனை வளையல் என்று எண்ணிச் சொல்ல, எதிர்ப்பக்கத்தில் அவருடைய அம்மாவும் அதே ஆல்பத்தின் இன்னொரு பிரதியை மடியில் வைத்துக்கொண்டு சரிபார்த்தார். தாலிக்கொடியில் பேச்சு முட்டி நின்றது. மணமகளுக்குப் போட்டது எந்த வீட்டார் போட்டதானாலும் அவளுடைய சீதனமே என்று நடுவர் விளக்கினார். இருந்தும், ஏழு பவுன் கொடியை அவர்களிடமே திருப்பிக் கொடுப்பதாக நான் ஒப்புக்கொண்டேன். அம்மாவுக்கு அது இன்றும் வருத்தம்தான், எனக்கில்லை.

வக்கீலம்மா வற்புறுத்திச் சேர்த்த ஒரு நிபந்தனையை இத்தகைய நிலையில் இருப்பவர்களுக்காகவே இங்கே குறிப்பிடுகிறேன். கூட்டு மனு போட்ட பிறகும், தீர்ப்பாணைக்கு முன்பு, இருவரில் ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே கூறியிருக்கிறது. எனவே தொகையில் பாதியை மனு தாக்கலாகும் நாளிலும் மீதியை இறுதி விசாரணை நாளிலும் வங்கி வரைவோலையாக (டி.டி.) அவர் தருவது என்று எழுதினோம். நகைகள் மட்டும் முதல் நாளிலேயே கைமாறின.

அக்டோபரில் பழைய மனுவை விலக்கிக்கொண்டு கூட்டு மனு போட்டோம். சட்டப்படி ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்றாலும், நீண்ட காலம் பிரிந்திருந்து, எல்லாவற்றையும் பேசித் தீர்த்துக்கொண்டு, இனிச் சேர வழியில்லாதவர்களுக்கு அந்தக் காலத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்ற 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பு எங்களுக்குப் பொருந்தியது. காணொலியில் நீதிபதி எங்கள் இருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சம்மதித்தீர்களா? சில நிமிடங்களில் முடிந்துவிட்டது.

குழந்தை என்னோடு இருப்பாள், ஞாயிறு காலை அப்பாவோடு பேசுவாள், கோடை விடுமுறையில் பாதி கோவையில் கழிப்பாள் என்றெல்லாம் எழுதிய நாங்கள், பள்ளிக் கட்டணத்தை அன்றைய தொகையிலேயே எழுதிவிட்டோம். அது ஆண்டுதோறும் ஏறும் என்பது அந்த அறிவாளிகள் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் கூடுதல் தொகையை யார் கட்டுவது என்று தொலைபேசியில் பேசித்தான் முடிக்கிறோம்.