களர் மண்: ஜாடியில் கட்டி கலங்காமல் நின்றது

களர் நிலத்தில், அதாவது சோடியம் மிகுந்த கார மண்ணில், மேல்மண் தேறிவிட்டது! ஜிப்சம் போட்ட பாத்தியின் மண்கட்டி ஜாடியிலுள்ள மழைநீரில் கலங்காமல் உட்கார்ந்திருக்கிறது. போடாத ஓரத்து மண் பால் போலக் கலங்குகிறது. பி.எச். (கார அளவு) 9.4 இருந்தது, இப்போது 8.6. அரை அடிக்குக் கீழே மட்டும் பழைய கதைதான்.

இந்தச் சோதனைக்குப் போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள உப்பே களித்துகளைச் சேர்த்துப் பிடித்து, களரையும் நல்ல மண்ணாகக் காட்டிவிடும். மழைநீர், இல்லையென்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். நன்கு காய்ந்த, கொண்டைக்கடலை அளவுக் கட்டி. 2 மணி நேரம் ஜாடியைத் தொடக்கூடாது.

மண் ஆய்வுப்படி ஏக்கருக்கு 2 டன், அதாவது சென்டுக்கு 20 கிலோ ஜிப்சம். பலரும் கோட்டை விடுவது தண்ணீர்க் கணக்கில். ஜிப்சம் லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம்தான் கரையும். ஒரு சென்டில் 10 செ.மீ. நீர் நிறுத்தினால் 4,000 லிட்டர். அதில் 10 கிலோதான் கரையும். மீதிக்கு இன்னொரு முறையாவது நிறுத்தியாக வேண்டும். கரைந்த கால்சியம் களியில் ஒட்டிய சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். தள்ளப்பட்ட சோடியம் கீழிறங்கி வெளியே போக 2 அடி ஆழ வடிகால் கட்டாயம். வரப்பு மேல் வழியவிட்டால் கரைந்த ஜிப்சமும் சேர்ந்து போய்விடும். ஆழ உழுது கலக்கவும் கூடாது, மேல் 10 செ.மீ. போதும்.

வெள்ளைப் பொடியெல்லாம் ஜிப்சம் ஆகாது. ஒரு சிட்டிகையில் வினிகர் விடுங்கள். நன்றாக நுரைத்தால் சுண்ணாம்புத் தூள். இந்த பி.எச்.சில் அது கரையவே கரையாது. வேளாண் விரிவாக்க மையத்தில் இருப்பு வரும்போதே வாங்கி வைப்பது நல்லது.

இப்போது பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு நிற்கிறது, சென்டுக்கு 200 கிராம் விதை. சணப்பு களரில் திணறும். பூக்கும் தறுவாயில், 45 நாள் வாக்கில் மடக்கி உழ வேண்டும். அது மட்கும்போது வரும் கரியமில வாயு, மண்ணிலேயே கிடக்கும் சுண்ணாம்பையும் கொஞ்சம் கரைத்துக் கொடுக்கும். அப்புறம் சென்டுக்கு 150 கிராம் துத்தநாக சல்பேட்; டி.ஏ.பி. என்ற பாஸ்பேட் உரத்தோடு கலந்து போடக்கூடாது.

அடுத்து பீட்ரூட், களரை ஓரளவு தாங்கும். அதற்கு முன் போர் தண்ணீரை ஆய்வுக்குக் கொடுக்க வேண்டும். எஞ்சிய சோடியம் கார்பனேட் (நீரிலுள்ள கால்சியம், மெக்னீசியத்தைவிடக் கூடுதலாக இருக்கும் கார்பனேட், பைகார்பனேட்) லிட்டருக்கு 2.5 மில்லி ஈக்விவலண்டைத் தாண்டினால், வாய்க்கால் தலைப்பில் ஜிப்சம் கட்டிகள் நிரப்பிய தொட்டி கட்டி அதன் வழியாகத்தான் பாசனம்.