விமானத்துக்கு ஒரு பெட்ரோல் தொட்டி: முதலில் ஓர் ஒத்திகை

மலேசியாவில், ஈப்போவில் இருக்கும் என் மைத்துனர், வீட்டுக் கார் கொட்டகையில் இரண்டு பேர் உட்காரும் சிறு விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார். இறக்கை, வால் எல்லாம் அவர் பாடு. பெட்ரோல் தொட்டி மட்டும் என் தலையில் விழுந்தது. நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் ஃபிட்டர். வீட்டில் டிக் வெல்டிங் (ஆர்கன் வாயு மூட்டத்தில் மின்பொறியால் உலோகத்தை உருக்கி ஒட்டுவது) மெஷினும் இருக்கிறது. அது போதும் என்று முடிவு செய்துவிட்டார். இப்போது நான் முடித்திருப்பது பறக்கப்போகிற தொட்டி இல்லை. அதே அளவில், 60 × 30 × 20 செ.மீ., அலுமினியத் தகட்டில் ஒரு ஒத்திகைத் தொட்டி. 36 லிட்டர் பிடிக்கும்.

வெல்டிங்தான் ஒரே வழி என்றில்லை. வீட்டிலேயே கட்டிக்கொள்கிற, பேர்பெற்ற வேன்ஸ் ஆர்வி விமானங்களில் இறக்கையின் முன்விளிம்பே தொட்டி. 2024 என்ற எண் கொண்ட அலுமினிய ரகத் தகட்டை ரிவெட் அடித்து, இடுக்கெல்லாம் பாலிசல்ஃபைடு பசை பூசி அடைக்கிறார்கள். அந்த ரகத்தில் செம்பு கலந்திருப்பதால், வெல்டிங் செய்தால் ஆறும்போதே ஒட்டில் வெடிப்பு விடும். பசை நல்ல பசைதான். ஆனால் அதை வரவழைப்பது தலைவலி, காலாவதித் தேதியும் சீக்கிரம் வந்துவிடும். தனியாகச் செய்து உள்ளே பொருத்துகிற தொட்டி என்றால் மெக்னீசியம் கலந்த 5052 ரகம் போதும். படகு கட்டுகிறவர்களும் இதைத்தான் வாங்குகிறார்கள். நான் எடுத்தது 1.2 மி.மீ. தகடு.

எங்கள் ஆலையில் ஃபோர்மனாக இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் கேஸ் வெல்டிங்கில் கெட்டிக்காரர். தகட்டைப் பார்த்ததும் அவர் சொன்னது: “தம்பி, இரும்பு சிவந்து காட்டிட்டுத்தான் உருகும். இது நிறமே மாறாது, திடீர்னு தொப்புனு கீழே விழும்.” கேஸில் ஒட்டலாம், அந்தக் காலத்து விமானத் தொட்டிகள் அப்படித்தான் வந்தன. ஆனால் அதற்கு 3003 ரகம்தான் இணக்கம். மெக்னீசியம் சேர்ந்த 5052 முரண்டு பிடிக்கும். ஆக்சைடைக் கரைக்கிற ஃபிளக்ஸ் போட வேண்டும், போட்டால் அதில் உள்ள சோடியம் ஆரஞ்சு வெளிச்சம் கிளப்பிக் கண்ணை மறைக்கும், அதற்குத் தனிக் கண்ணாடி வேண்டும். வேலை முடிந்ததும் வெந்நீரில் தேய்த்துக் கழுவாவிட்டால் மிச்ச ஃபிளக்ஸ் தகட்டை அரித்துவிடும். மூடிய தொட்டிக்குள் எப்படித் தேய்ப்பது? அதனால் நான் டிக் பக்கமே நின்றேன்.

இதில் எனக்குப் பிடிபட்ட முக்கியமான விஷயம் ஒன்று: ஒட்டு கசியுமா கசியாதா என்பது பெரும்பாலும் ஆர்க் (மின்பொறி) பிடிப்பதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. கையை விட, விளிம்பை எப்படி மடிக்கிறோம் என்பதுதான் கணக்கு. ஆறு துண்டு வெட்டிப் பெட்டி மாதிரி மூலைக்கு மூலை ஒட்டினால், மூன்று ஒட்டுகள் சந்திக்கிற எட்டு மூலைகள் கிடைக்கும். கசிவு குடியிருக்கிற இடம் அதுதான். அதற்குப் பதிலாக ஒரே நீளத் தகட்டை நான்கு பக்கமும் சுற்றி வளைத்தேன், மூலைகளை உருட்டையாக விட்டேன். இரண்டு முனைத் தகடுகளுக்கு மட்டும் விளிம்பை 10 மி.மீ. வெளிப்பக்கம் மடித்து உள்ளே செருகினேன். இப்போது சுற்றுத் தகட்டின் விளிம்பும் முனைத் தகட்டின் விளிம்பும் ஒன்றோடொன்று ஒட்டி நிமிர்ந்து நிற்கின்றன. ஒட்டில் உருக்கிச் சேர்க்கிற கம்பியே கொடுக்காமல் இரண்டையும் சேர்த்து உருக்கிவிடலாம். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் தகடு இளகிவிடும்; அதிர்வில் முதலில் விரிசல் விடுவது அங்கேதான். இந்த அமைப்பில் அந்த இடம் தகடு வளைந்து கொடுக்கிற பகுதியிலிருந்து தள்ளி இருக்கிறது.

விளிம்பு மடிக்க ரப்பர் மரப் பலகையில் அச்சு செதுக்கினேன். பழைய ஃபர்னிச்சர் கடையில் கழித்துப்போட்ட பலகை. உருட்டு மூலையில் தகடு சுருங்க மறுத்து அலை அலையாக எழும்பும், பிளாஸ்டிக் சுத்தியலால் பொறுமையாகத் தட்டித் தட்டி இறக்க வேண்டும். இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் போனது.

அப்புறம் சுத்தம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், மேலே படிந்திருக்கிற ஆக்சைடு ஏறத்தாழ 2,070 டிகிரி வரை உருகாது. ஏசி கரண்டில் ஒரு பாதி அலை அந்தத் தோலை உரிக்கிறது, மறு பாதி சூடு கொடுக்கிறது. ஆனாலும் மெஷினை நம்பி அழுக்கை விட்டுவைக்கக் கூடாது. அசிட்டோனில் துடைத்து, அலுமினியத்துக்கு மட்டுமே வைத்திருக்கிற ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் தேய்த்து, அன்றைக்கே ஒட்டிவிட வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். ஈரத்தில் உள்ள ஹைட்ரஜன் உருகிய உலோகத்தில் கரைந்து, உறையும்போது வெளியேற முடியாமல் ஊசித் துளைகளாக நின்றுவிடும். கம்பிகளை சிலிக்கா பையோடு மைலோ டின்னில் மூடி வைத்திருக்கிறேன். காற்றாடி போட்டால் ஆர்கனை அடித்துக்கொண்டு போய்விடும், அதனால் புழுக்கத்திலேயே வேலை. மாலை மழை வருவதற்குள் முடித்துவிடுவது உத்தமம். கரண்ட் 45, 50 ஆம்ப் வாக்கில், மெஷினின் கால் பெடலில் ஏற்றி இறக்கினேன்.

பரிசோதனைக்கு வருவோம். அமெரிக்கச் சிறு விமான விதிகளில் உலோகத் தொட்டிக்கு வெகுகாலமாக இருந்த சோதனை அழுத்தம் 3.5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 3.5 பவுண்டு). கேட்கச் சின்ன எண்தான். 30 செ.மீ. சதுரத் தகட்டில் அது 220 கிலோ தள்ளு. இதனால்தான் கம்ப்ரெசரை நேரே மாட்டவே கூடாது, தொட்டி பலூன் மாதிரி உப்பிப் பாழாகிவிடும். நான் சைக்கிள் பம்பும், தண்ணீர் ஊற்றி ‘யு’ வடிவில் சுவரில் கட்டிய தெளிவான டியூபும் வைத்துக்கொண்டேன். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் 70 செ.மீ. வித்தியாசம் வந்தால் 1 பி.எஸ்.ஐ. மாமா இதை மட்டும் பார்த்து, “மெஷினை விட இது நல்லாருக்கே” என்றார்.

முதலில் அந்த 70-இல் நிறுத்தி சோப்புத் தண்ணீர் பூசினேன். இங்கே ஒன்று கவனிக்க வேண்டும்: தொட்டிக்குள் காற்று ஒரு டிகிரி குளிர்ந்தாலே தண்ணீர் மட்ட வித்தியாசம் மூன்று செ.மீ.க்கு மேல் இறங்கக்கூடும். மேகம் வந்து வெயில் மறைந்தால் கசிவு போலவே தெரியும். நிழலில், காலையில் வைத்துப் பார்ப்பதே சரி. குமிழி வந்தால்தான் கசிவு, மட்டம் இறங்கினால் மட்டும் போதாது.

குமிழி வந்தது. சுற்று விளிம்புகளில் ஒன்றுகூட இல்லை. பெட்ரோல் குழாய் மாட்டுகிற தடித்த வளையத்தைச் சுற்றி, ஒட்டு முடிகிற புள்ளியில் ஒன்று. தடித்த பாகமும் மெல்லிய தகடும் சேரும் இடத்தில் சூட்டை வளையத்தின் மேலேயே காட்ட வேண்டும், முடிவில் பெடலை மெதுவாக விட வேண்டும். சட்டென்று அணைத்தால் கடைசிக் குழி ஆறும்போது நட்சத்திரம் மாதிரி வெடிக்கும். தோண்டி எடுத்து, 5356 ரகக் கம்பி கொடுத்து மறுபடி ஒட்டியதில் நின்றுவிட்டது. 3.5 வரை ஏற்றியதும் பக்கங்கள் நன்றாகவே உப்பின. உள்ளே தடுப்புத் தகடு இல்லாததன் விளைவு அது.

நிஜத் தொட்டியில் வளையங்களை, தகடு தட்டையாக இருக்கும்போதே ஒட்டிவிடப் போகிறேன். பிறகு பெட்ரோல் அலைபாயாமல் இருக்க, ஓட்டை போட்ட இரண்டு தடுப்புத் தகடுகள் உள்ளே வரும். விமானத்தோடு இணைக்க எதையும் தொட்டியில் ஒட்டுவதாக இல்லை. ஃபெல்ட் வைத்துப் பட்டையால் கட்டுவதுதான் மைத்துனரின் வரைபடத்திலும் இருக்கிறது. தகடு வாங்கியாகிவிட்டது, ஆர்கன் சிலிண்டர்தான் காலி.