மிலேத்துவில் விடப்பட்டவன்: லெந்து (தவக்கால) நாட்களின் குறிப்பு

மார்ச் 3, செவ்வாய்

வருகிற ஞாயிறு, ஞாயிறு பள்ளியில் நான் நடத்தும் மூத்த வகுப்புக்கு யாக்கோபு 5-ஆம் அதிகாரம். மனப்பாட வசனம், "விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்". பிள்ளைகள் தடங்கலின்றி ஒப்புவித்துவிடுவார்கள். ஆனால் இந்த வசனத்தை நோயுற்றிருக்கும் அம்மாவின் கட்டிலருகே நின்று சொல்ல முடியாவிட்டால், வகுப்பில் நின்று சொல்லவும் எனக்கு உரிமையில்லை.

மார்ச் 4, புதன்

அம்மாவின் பரிசோதனை அறிக்கை வரவில்லை. அம்மா அரை இட்லி சாப்பிட்டார்கள்.

மார்ச் 5, வியாழன்

இரவெல்லாம், அப்போஸ்தலன் பவுலோடு பயணம் செய்த துரோப்பீமுவின் நினைவு. "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று 2 தீமோத்தேயு 4:20-இல் பவுல் எழுதிவிட்டு, மாரிகாலத்துக்குமுன் வந்து சேரும்படி தீமோத்தேயுவைக் கேட்டுக் கடந்துபோகிறார். துரோப்பீமு எபேசியன், அதாவது எபேசு பட்டணத்தான், என்று அப்போஸ்தலர் 21:29 சொல்கிறது. அதே எபேசுவில்தான் பவுலின் சரீரத்திலிருந்து கொண்டுபோன உறுமால்களை (கைக்குட்டைகளை) நோயாளிகள்மேல் போட்டதும் நோய்கள் நீங்கின என்று 19-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஊரில் பலர் குணமானார்கள். கூடவே பயணம் செய்தவன் படுக்கையில் விடப்பட்டான். பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று யார் சொல்லத் துணிவார்கள்? இன்று ஜெபிக்க வந்த ஒருவர், உண்மையாய் விசுவாசித்திருந்தால் இந்நேரம் எழுந்திருப்பீர்கள் என்று அம்மாவிடமே சொன்னார். ஒற்றை வசனத்தைப் பிடித்துக்கொண்டு நோயாளியின் மேல் பழி சுமத்துகிறவருக்கு 4:20-ஐ யாரும் கற்றுக்கொடுக்கவில்லையா?

மார்ச் 6, வெள்ளி

அம்மாவின் வேதப்புத்தகத்தைப் புரட்டினேன். யாக்கோபு 5:14-க்குக் கீழே சிவப்புப் பென்சில் கோடு. ஓரத்தில், அப்பாவை அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோன தேதி. அப்பா வீடு திரும்பவில்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தின் ஓரம்தான் விரல் பட்டுப் பட்டு மற்றப் பக்கங்களைவிடப் பழுப்பேறியிருக்கிறது. கேட்டபோது, சபையின் மூப்பர்களை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொன்னது கட்டளை, அதை நாம் செய்யவேண்டும், எழுப்புவது கர்த்தருடைய காரியம் என்றார்கள். நான் படித்த எந்த விளக்கவுரையும் இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

மார்ச் 7, சனி

தூக்கமில்லை. அறிக்கையும் இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

யாக்கோபு 5-ஐயும் 2 தீமோத்தேயு 4-ஐயும் சேர்த்தே வாசிக்கவைத்தேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், துரோப்பீமு பிறகு குணமானானா என்று கேட்டான். வேதத்தில் இல்லை என்றேன். உங்கள் அம்மா குணமாவார்களா என்று அடுத்துக் கேட்டான். தெரியாது, தினமும் கேட்கிறேன், புதன்கிழமை எண்ணெய் பூசி ஜெபிக்க எங்கள் சபைப் போதகர் ஐயரை அழைத்திருக்கிறேன் என்றேன். வகுப்பு முழுவதும் என்னையே பார்த்தது, ஒருவரும் அசையவில்லை.

அடுத்த வாரம் பிலிப்பியர் 2. பவுலின் உடன்வேலையாளான எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமாயிருந்தான். தேவன் அவனுக்கு இரங்கினார். இவனையும் அதே நேர்மையோடு கற்றுக்கொடுக்கவேண்டும்.