அப்பாவின் எச்எம்டிக்கு அப்புறம் ஒரு சிட்டிசன்

அப்பாவிடம் இருப்பது ஒரே வாட்ச், எச்எம்டி ஜனதா. தினமும் காபி குடித்த கையோடு அதற்குச் சாவி கொடுப்பார். சின்ன வயசிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்ததால், எனக்கென்று நல்ல வாட்ச் வாங்க நினைத்தபோது பாட்டரி வாட்ச் பக்கம் மனசு போகவே இல்லை. ஆட்டோமேட்டிக்தான் வேண்டும், அதாவது கையில் கட்டியிருந்தாலே கை அசைவில் தானாகச் சாவி ஏறிக்கொள்ளும் வகை. ஆபீசுக்கும் கல்யாண வீட்டுக்கும் ஒன்றே போதுமானதாக இருக்க வேண்டும், மழையில் பைக் ஓட்டினாலும் பயம் கூடாது. கையில் இருந்தது 30,000 ரூபாய்.

ஓரியன்ட் பாம்பினோ பார்க்க அத்தனை அழகு. ஆனால் தோல் பட்டை. மதுரை சித்திரை வெயிலில் தோல் பட்டை என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும், வியர்வை ஊறி ஒரே கோடையில் நாறிவிடும். அடுத்தது சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ். கிழமையும் தேதியும் காட்டும், 100 மீட்டர் நீர்த்தாங்கும் திறன். ரொம்ப நாள் அதிலேயே நின்றேன். கடைசியில் சிட்டிசன் ட்சுயோசா பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் கண்ணாடிதான். சீக்கோவில் ஹார்ட்லெக்ஸ் என்ற கடினமாக்கிய கண்ணாடி, இதில் அதைவிடக் கீறலைத் தாங்கும் சஃபையர். என் பழைய வாட்ச் கண்ணாடி முழுக்கக் கீறல், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. நீர்த்தாங்கும் திறன் 50 மீட்டர்தான், ஆனால் மழைக்குப் போதும். கிணற்றில் குதிக்கும்போது கழற்றி வைத்துவிடலாம்.

டவுன்ஹால் ரோட்டில் முதலில் ஏறிய கடையில் விலை நன்றாகவே குறைவு. "வாரண்டி கார்டு எங்கண்ணே?" என்று கேட்டேன். "நம்ம பில்லுதான் சார் வாரண்டி" என்றார். கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டேன். இந்த விஷயத்தில் யாரும் சபலப்பட வேண்டாம். அடுத்த கடையில் கம்பெனி கார்டில் தேதி போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

நீல டயல். கடை விளக்கில் கறுப்பாகத் தெரிந்தது, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் காட்டிய பிறகுதான் உண்மையான நிறம் வந்தது. செயினைச் சின்னதாக்க, உள்பக்கம் இருக்கும் அம்புக்குறிப் பக்கமாகப் பின்னைத் தட்டி மூன்று கண்ணிகளை எடுத்தார்கள். "சுண்டுவிரல் நுழையிற அளவு லூசா விடுங்கண்ணே" என்று சொல்லியிருந்தேன். வெயில் காலத்தில் மணிக்கட்டு கொஞ்சம் உப்பும், இறுக்கமாக வைத்தால் மதியத்துக்குள் தடம் விழுந்துவிடும். எடுத்த கண்ணிகளை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் சொன்ன இன்னொன்றும் முக்கியம்: இரவு 9 மணியிலிருந்து விடியற்காலை 4 மணி வரை தேதியைத் திருகி மாற்றக் கூடாது. அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தின் பற்கள் கோத்திருக்கும், திருகினால் உடைந்துவிடலாம்.

உள்ளே இருப்பது 8210 இயந்திரம். முழுச் சாவிக்கு 40 மணி நேரம் ஓடும். முதல் சனிக்கிழமை மத்தியானம் கழற்றி வைத்தேன், திங்கட்கிழமை காலையில் நின்று கிடந்தது. ரிப்பேராகிவிட்டதோ என்று பதறிப்போய், அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நேரம், ஒரு நாளைக்கு 12 நொடி வேகமாகப் போகிறது. பயப்பட வேண்டாம், 40 நொடி வரை வேகமாகப் போவதைக் கம்பெனியே சரி என்றுதான் சொல்கிறது.

வீட்டில் அப்பா அதைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே சுற்றும் எடை ஒரு பக்கம் போகும்போதுதான் சாவி ஏற்றும், மறுபக்கம் சும்மா சுழலும். அந்தச் சர்ரென்ற சத்தம் அவருக்குப் புதிது. 1961-ல் பெங்களூரில் எச்எம்டி வாட்ச் தொழிற்சாலை தொடங்கியதே இந்தச் சிட்டிசனோடு கூட்டுச் சேர்ந்துதான் என்று சொன்னேன். தன் ஜனதாவைக் கழற்றி இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அப்போ இதுக்குச் சாவியே வேணாமாடா?"

"திங்கட்கிழமை மட்டும் கொடுக்கணும்ப்பா."

இப்போது திங்கட்கிழமைகளில் இரண்டுக்கும் அவர்தான் சாவி கொடுக்கிறார்.