விடுதியில் ஒரு மூத்த மாணவி

எங்கள் அண்ணன் மகள் இவ்வாண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தன் பல்கலைக்கழக விடுதியின் ஆர்.ஏ. (Resident Assistant, அதாவது விடுதியிலேயே தங்கி மற்ற மாணவிகளைக் கவனித்துக்கொள்ளும் மூத்த மாணவி) ஆகியிருக்கிறாள் என்றதும், "பிள்ளைகளைக் காவல் காக்கும் வேலையா?" என்று உறவினர் பலரும் கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1961இல் டர்பன் துறைமுகத்திலுள்ள சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கெனத் தொடங்கப்பட்ட கல்லூரிக்கு அக்காலத்து மாணவர்கள் பலர் வீட்டிலிருந்தே படகேறிப் போய்வந்தார்கள்; அந்தத் தலைமுறையில் பலருக்கு விடுதி வாழ்க்கை பழக்கமில்லாதது.

சத்தம் போடுவோரை அடக்குவதும், பழுதான குழாயைப் பற்றி அலுவலகத்துக்குத் தெரிவிப்பதும், தீ விபத்து ஒத்திகைக்கு எல்லோரையும் கீழே இறக்குவதும் இப்பணியில் உண்டுதான். ஆனால் குடும்பத்திலேயே முதன்முறையாகப் பல்கலைக்கழகம் வந்த ஒரு பெண் சில நாள்களாக அறையைவிட்டு வெளியே வரவில்லை என்பதையோ, உதவித்தொகை தாமதமான மாதத்தில் ஒருத்தி சமையலறைப் பக்கமே வரவில்லை என்பதையோ, விரிவுரையாளருக்கு முன்பே கவனிக்கக்கூடியவள் அதே தளத்தில் வசிக்கும் இந்த மூத்த மாணவிதான். கவனித்தபின் தானே மனநல ஆலோசகராக மாறிவிடாமல், உரிய ஆலோசகரிடம் அவளைச் சேர்ப்பதும், உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காமலிருப்பதும் அவளுடைய கடமை. (இருபது வயதில் எனக்கு அந்த நிதானம் இருந்ததில்லை.)

இந்த ஆர்.ஏ.க்களும் தேர்வெழுதும் மாணவர்கள் என்பதைப் பல நிர்வாகங்கள் மறந்துவிடுகின்றன. தேர்வு மாதங்களில் இரவு அழைப்புகளையாவது சம்பளம் பெறும் முழுநேரப் பணியாளர்கள் ஏற்க வேண்டும் என்பது என் கருத்து.